காது போன தாய்மாமனும் கட்டைவிரல் போன நானும்

ஒருத்தரைப் பழிவாங்க வேண்டும் என்று நான் திட்டம் போட்டது வாழ்க்கையில் ஒரே தடவைதான். காரணம் சொத்துத் தகராறோ வரப்புச் சண்டையோ இல்லை. என் வலது கைக் கட்டைவிரல்.

எங்கள் ஊர் திருச்செங்கோடு. போர்வெல் போடுகிற ரிக் லாரிகளின் ஊர். டீக்கடையில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு விரல் நுனி இருக்காது, எதிரில் இருப்பவர் முழங்கையில் இரும்புக் குழாய் விழுந்த தழும்பு இருக்கும். எல்லாம் மரியாதையான காயங்கள். எந்த மாநிலத்தில், எந்தப் பாறையில், எத்தனை ஆழத்தில் நடந்தது என்று சொல்லும்போது குரலில் ஒரு கம்பீரம் வரும். அவர்கள் நடுவில் என் காயத்தின் கதையைச் சொன்னால் டீ புரையேறிவிடும். நான் முடி வெட்டிக் காயம்பட்டவன். தலையில் இருக்கிற முடியைக்கூட இல்லை, போட்டோவில் இருக்கிற முடியை.

நான் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். கல்யாணம், காதுகுத்து, புது லாரிக்குப் பூஜை, செத்தவருக்குக் கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் எங்கள் பக்கம் முதலில் ஒரு பேனர் நிற்க வேண்டும். அதில் விசேஷ வீட்டுக்காரர் முகம் மட்டும் இருந்தால் போதாது. மாமன், மச்சான், பங்காளி, பங்காளிக்குப் பங்காளி, கூட வேலை பார்க்கிற நண்பர்கள் என்று ஒரு ஊரே மார்பளவுக்கு வரிசையாக நின்று கும்பிட வேண்டும். அவரவர் அனுப்புகிற போட்டோவில் ஒருத்தர் பைக்கில் சாய்ந்திருப்பார். ஒருத்தர் தென்னந்தோப்பில் நிற்பார். ஒருத்தர் யாருடைய கல்யாண மேடையிலோ ஓரமாக நிற்பார், அவர் தோளில் யாரென்று தெரியாத ஒரு கை கிடக்கும். அந்தக் கையை அறுத்து, ஓலையை நீக்கி, நெற்றி முடி கலையாமல் ஆளை மட்டும் தனியாக எடுப்பதற்குப் பெயர் கட்டிங். மவுஸால் ஒரு புள்ளி வைத்து, துளி நகர்ந்து, இன்னொரு புள்ளி வைத்து, முகத்தைச் சுற்றி எறும்பு மாதிரி ஊர வேண்டும். தாடையும் கன்னமும் நேர் ரோடு. காது வந்தால் கொல்லிமலை ஏறுகிற மாதிரி, வளைவுக்கு மேல் வளைவு.

இதையெல்லாம் தானாக வெட்டித் தருகிற மென்பொருள் வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். வந்தது. சுருட்டை முடிக்காரரை மொட்டையாக்கியது. கறுப்புச் சட்டைக்காரரின் கழுத்தைக் காணாமல் செய்தது. அண்ணன் பார்த்துவிட்டு, “கையில வெட்டு சாமி. கையில வெட்டுனாத்தான் களை வரும்” என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் என்றால் கடை முதலாளி. முன்னாளில் தன் மச்சானின் ரிக் லாரியில் ஓடியவர். மச்சான் என்றால் அவர் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். அந்த லாரியில் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று குழாயைக் கட்டிப்பிடித்தே இளமை போயிற்று. இடது கையில் நடுவிரல் நுனி கிடையாது. அதனால் உலகத்தில் எது வலி, எது வலி இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் தனக்கு மட்டுமே இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். கடை ஆரம்பித்த புதிதில் கட்டிங் வேலையும் கொஞ்சம் கற்றுக்கொண்டவர்தான். ஆனால் மவுஸைத் தொட மாட்டார். என் தோளில் தாடையை வைக்காத குறையாக, வாயில் பாக்கு மணக்க, பின்னால் நின்று திரையைக் காட்டுவார்.

“துளியூண்டு இக்கட்டால தள்ளு. அக்கட்டால இல்ல சாமி, இக்கட்டால. அய்யோ, மூக்கு போச்சு பாரு. மறுக்கா எடு. அவுரு தலைய ஒரு சுத்துப் பெருசு பண்ணு, சங்கத் தலைவரு. இவன் தலையச் சின்னது பண்ணு, வட்டிக்கு வாங்கித்தான் லாரி ஓட்டறான்.”

இப்படி வருடக்கணக்கில் ஊர் ஜனங்களின் தலையைச் சுற்றி வந்த பிறகு, கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டு ஓரத்தில் ஒரு கடுகடுப்பு தொடங்கியது. முதலில் நான் கண்டுகொள்ளவில்லை. பிறகு பைக் சாவியைத் திருப்ப முடியவில்லை. சோற்றைப் பிசைந்தால் உருண்டை நிற்கவில்லை. பல் விளக்கப் பேஸ்ட்டைப் பிதுக்க இடது கையை உதவிக்குக் கூப்பிட்டேன். சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிடும்படி ஆயிற்று. கல்யாணமான புதிதில் இது நடந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். இப்போது அவள் பொத்தானைப் போடுகிற வேகத்தில் கழுத்து இறுகியது.

“ஏனுங்க, ஒரு தேங்கா ஒடைக்கச் சொன்னாக் கை வலிங்கறீங்க. கடையில நாள் பூரா அப்படி என்னதான் தூக்கறீங்க?”

“மவுஸு.”

“அது எத்தன கிலோ இருக்கும்?”

பதில் சொல்ல என்னிடம் தராசு இல்லை.

அண்ணனிடம் போய், “கை ஒரு மாதிரியா இருக்குதுங்கண்ணா” என்றேன். அவர் என் கையை வாங்கி, சந்தையில் கத்தரிக்காயைப் புரட்டுகிற மாதிரி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

“வெளிய ஒரு கீறல்கூட இல்ல. எதுல அடிபட்டுது?”

“எதுலயும் படலைங்க. மவுஸ் புடிச்சதுதானுங்க.”

“மவுஸ் புடிச்சா வலிக்குமாடா? நான் புடிக்காத கொழாயா? சுளுக்குத்தான். வா, வண்டியில ஏறு.”

சங்ககிரி ரோட்டில் சுளுக்கு எடுக்கிறவர் ஒருவர் இருக்கிறார். கால் பிசகினவருக்கெல்லாம் அவர் கை நல்ல கைதான், குறை சொல்லக்கூடாது. ஆனால் எனக்கு வந்தது சுளுக்கு இல்லை என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அண்ணனுக்கு மட்டும் சுளுக்கு என்று நன்றாகத் தெரியும். விளக்கெண்ணெய் விட்டு நீவிக்கொண்டே பேச்சுக் கொடுத்தவர், எந்த ஊர் என்று கேட்டு நான் வாயைத் திறந்த நேரத்தில் கட்டைவிரலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தறி நின்றுவிட்டது. அப்புறம் முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பற்றுப் போட்டுத் துணியைச் சுற்றினார். நாமக்கல் பக்கம் முட்டைக்கா பஞ்சம்? தாராளமாகவே ஊற்றினார். அடுத்து வந்த நாட்களில் கடைக்கு வந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். ஈக்கள் மட்டும் என்னிடம் பிரியமாக இருந்தன. கட்டைப் பிரித்தபோது கை வீங்கி, கட்டைவிரல் எனக்குச் சம்பந்தமே இல்லாதது போல ஒதுங்கி நின்றது.

ஈரோட்டில் எலும்பு டாக்டரிடம் போனேன். அவர் என் கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடி முட்டி பிடிக்கச் சொன்னார். அப்படியே மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கச் சொன்னார். சாய்த்தேன். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

“வீட்டுல கைக்கொழந்தை இருக்குதுங்களா?” என்று கேட்டார்.

“எம் பொண்ணு எட்டாவது படிக்குதுங்க டாக்டர்.”

“இல்ல, கொழந்தையத் தூக்கித் தூக்கிப் புதுசா பிள்ளை பெத்த அம்மாமாருக்குத்தான் இது நெறைய வரும். கட்டைவிரலுக்குப் போற தசைநார் உறை வீங்கிப்போகுது. உங்களுக்கு மவுஸால வந்திருக்குது. போதாக்குறைக்கு இழுக்க வேற விட்டிருக்கீங்க.”

மணிக்கட்டுக்குக் கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கிற பெல்ட் ஒன்றைப் போட்டுவிட்டார். சில வாரங்கள் மவுஸைத் தொடக்கூடாது. கை வைத்த நாற்காலியில் உட்கார வேண்டும். கேட்காமல் வேலை செய்துகொண்டே போனால் ஊசி, அப்புறம் அறுவை, அதற்கும் மேல் போனால் விரல் பழையபடி வருமா என்று சொல்ல முடியாது என்றார். சொன்னதை எல்லாம் கவனமாகக் கேட்டுக்கொண்ட நான், ஒரு பெரிய முட்டாள்தனம் செய்தேன். கடைக்குப் போய் ஒன்று விடாமல் அண்ணனிடம் சொன்னேன். பிள்ளை பெத்த அம்மாமார் விஷயத்தையும் சேர்த்து.

அண்ணன் சிரித்த சிரிப்பில் பாக்கு திரையில் தெறித்தது.

“பிள்ளை பெத்தவங்களுக்கு வர்றதா? அப்ப நீ கேக்கறது பிரசவ லீவு. காதுகுத்து சீசன்ல ஆருக்குடா பிரசவ லீவு குடுப்பாங்க?”

“ஒரு கை வெச்ச சேராவது வாங்கிக் குடுங்கண்ணா.”

“அதுல ஒக்காந்தா நீ தூங்கிப்போடுவ.”

அன்று சாயங்காலத்துக்குள் விஷயம் டீக்கடைக்குப் போய்விட்டது. டீ போடுகிறவர் டம்ளரை நீட்டிக்கொண்டே, “ஆணுங்களா பொண்ணுங்களா?” என்று கேட்டார். பேனர் வாங்க வந்தவர்கள் என் பெல்ட்டைப் பார்த்துவிட்டு, “தாயும் சேயும் சௌக்கியமுங்களா?” என்றார்கள். நானும் நாலு பேரைக் கிண்டல் செய்கிற ஆள்தான் என்பதால் சிரித்துக்கொண்டேன். பெல்ட்டோடு வேலையும் செய்தேன். ஒவ்வொரு சொடுக்குக்கும் முழங்கை வரை ஒரு கம்பி இழுத்தது. பிறகு ஒரு நாள் காலையில் கடைக்கு வந்தால், என் கீபோர்டின் மேல் ஒரு பாட்டில். பிரசவ லேகியம். அண்ணன் நாட்டு மருந்துக் கடையில் தேடிப்போய் வாங்கி வந்திருக்கிறார். வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர் வரிசையாக நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிரித்தேன். ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிடவும் செய்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த லேகியம் தொண்டையில் இறங்குகிற நேரத்தில் முடிவு செய்துவிட்டேன். இந்த மனுசனுக்கு வலிக்க வேண்டும். எனக்கு வலித்த அதே இடத்தில், அதே விதத்தில். வலிக்கிறது என்று அவர் தன் வாயால் நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அதுவரை எனக்கு லீவும் வேண்டாம், நாற்காலியும் வேண்டாம்.

சின்னச் சின்னப் பழிகளில் ஆரம்பித்தேன். கோயில் விசேஷப் பேனர் ஒன்றில் உபயதாரர் வரிசையில் அண்ணன் முகம் இருந்தது. வழக்கமாக அவருடைய இரட்டைத் தாடையில் ஒன்றை நான் எடுத்துவிடுவேன். இந்தத் தடவை இரண்டையும் விட்டேன். கூடவே மூன்றாவதற்கும் ஒரு நிழல் கொடுத்தேன். ஊரில் பார்த்தவர்கள், “என்னுங்க, எம்மெல்லே மாதிரி இருக்கறீங்க” என்றார்கள். அண்ணன் அந்தப் பேனரைக் கழற்றி வீட்டு மாடியில் கட்டிக்கொண்டார். அடுத்த பேனரில் அவர் தலையைச் சிறியதாக்கினேன். அவர் மனைவி பார்த்துவிட்டு, “நீங்க எளைச்சிருக்கறீங்க” என்று அன்று கறிக்குழம்பு வைத்தாராம். எனக்குக் கைதான் வராது என்று நினைத்திருந்தேன், பழிவாங்கலும் வரவில்லை.

அப்போதுதான் அண்ணன் வீட்டிலேயே காதுகுத்து வந்தது. அவருடைய பையனுக்கும் பொண்ணுக்கும் சேர்த்துக் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தல். எங்கள் பக்கம் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது. அன்றைக்கு அவர்தான் ராஜா. அவர் முகம் கோணினால் விசேஷமே கோணிவிடும். இங்கே தாய்மாமன் வேறு யாரும் இல்லை, அண்ணனுக்கு அந்தக் காலத்தில் ரிக் லாரியில் வேலை கொடுத்த அதே மச்சான். காதில் சிவப்புக்கல் கடுக்கன் போட்டவர். அண்ணன் உலகத்தில் பயப்படுகிற ஒரே ஆள்.

“பேனரப் பாத்து ராசிபுரம் ரோட்டுல போற பஸ்ஸு நிக்கோணும் சாமி” என்று ஒரு பெரிய போட்டோக் குவியலை என் செல்போனுக்கு அனுப்பினார் அண்ணன். இரு பக்கத்துச் சொந்தமும். யார் தலையும் விடக்கூடாது.

நான் பெல்ட் கையைத் தூக்கிக் காட்டினேன்.

“டாக்டர் மவுஸத் தொடவே கூடாதுன்னுட்டாருங்கண்ணா. மீறுனா அறுக்கோணுங்கறாரு.”

“அப்ப இத்தன நாளு?”

“அது மத்தவங்க தலைங்க. இது மச்சான் தலை. வலியில கை நடுங்கி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா?”

மச்சான் என்றதும் அவர் யோசித்தார். நாலு இடத்துக்குப் போன் போட்டார். சீசனில் ஊரில் ஒரு டிசைனரும் சும்மா இல்லை. எதிர்க் கடையில் கொடுக்கலாம்தான். “அவன் கையில எம் மச்சான் தலையக் குடுக்கறதா?” என்று அவரே கேட்டு அவரே தலையை ஆட்டிக்கொண்டார். நான் எதுவுமே தெரியாத பிள்ளை மாதிரி மெதுவாகச் சொன்னேன்.

“நீங்களே வெட்டலாமுங்களே. கொழாய் புடிச்ச கை. உங்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? நான் பின்னால நின்னு சொல்லித் தாரேன்.”

அவர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். கை இல்லாத பிளாஸ்டிக் நாற்காலி. நான் வெளியே போய் ஒரு பொட்டலம் பாக்கு வாங்கி வந்தேன். எனக்குப் பாக்குப் பழக்கம் கிடையாது. ஒரு கடமைக்காக மென்றேன். அவர் தோளுக்கு மேலே என் தாடையைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

“துளியூண்டு இக்கட்டாலைங்கண்ணா. அக்கட்டால இல்லைங்க, இக்கட்டால.”

“தெரியுது இரு.”

“அய்யோ, உங்க சித்தப்பா மூக்கு போச்சு பாருங்க. மறுக்கா எடுங்க.”

“எடுக்கறன்டா.”

“முடியில ஓலை தெரியுதுங்க. தலையில தென்னமரம் மொளைச்ச மாதிரி இருக்குதுங்க. கையில வெட்டுனாத்தானுங்க களை வரும்.”

திரும்பி ஒரு பார்வை பார்த்தார். நான் பாக்கை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினேன். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் கடையில் நின்றதில்லை. பொழுதெல்லாம் நின்றேன். உட்காரச் சொன்னால்கூட மறுத்தேன். இடது கையை நீட்டித் திரையில் ஒவ்வொரு முடியாகச் சுட்டிக் காட்டினேன். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் பங்காளிகளை முடித்து, மாமன் வகையறாவுக்குள் நுழைந்தபோது, அவர் கையை மேசைக்கு அடியில் கொண்டுபோய் உதறுவதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி உதறினார். டீ வந்தது. டம்ளரை இடது கையால் எடுத்தார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

“கை கிய் வலிக்குதுங்களாண்ணா?”

“எனக்கா? போடா.”

கடைசியாக மச்சான். பேனரின் நடுவில், பிள்ளைகளுக்கு அடுத்து, ஆளுயரத்துக்கு வரப்போகிற முகம். நெற்றியைச் சுற்றி, முடியைச் சுற்றி அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். இடது காது வந்தது. கொல்லிமலை. முதல் வளைவில் மவுஸ் நின்றது. பெருமூச்சு விட்டார். கட்டைவிரலை நீட்டப் பார்த்தார், அது வரவில்லை. பிறகு நெற்றிப்பொட்டிலிருந்து தாடைக்கு ஒரே கோடு, கத்தியால் வெட்டினாற்போல் நேராக இழுத்து இறக்கிவிட்டார். அந்தக் கோட்டை எனக்கு நன்றாகத் தெரியும். கை ‘இனிமேல் என்னால் ஆகாது’ என்று சொல்கிற இடத்தில் விழுகிற கோடு அது.

“அண்ணா, மச்சான் காது...”

“காதும் வேண்டா, ஒண்ணும் வேண்டா. பிரிண்டுக்கு உடு.”

“கடுக்கனோட போயிருச்சுங்களே...”

“இன்னொரு வார்த்தை பேசுன, நீயும் வேண்டா. உடுடா பிரிண்டுக்கு!”

முதலாளி பேச்சைத் தட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. அச்சு இயந்திரம் ஓடுகிற சத்தத்தை மங்கள வாத்தியம் மாதிரி கேட்டுக்கொண்டு நின்றேன்.

விசேஷத்தன்று காலையில் நானும் மனைவியும் கோயிலுக்குப் போனபோது, புளியமரத்துக்கு அடியில் பிள்ளைகள் மொட்டை போட்டுச் சந்தனம் பூசி, புதுத் துணியில் நெளிந்துகொண்டிருந்தன. காது குத்த வந்த ஆசாரி கம்பியைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். மேளச் சத்தத்தில் மச்சான் வீட்டுச் சீர்த்தட்டுகள் வரிசையாக வந்து இறங்கின. மச்சான் காரிலிருந்து இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, பேனரை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் பெருமை. பின்னால் வந்த அவர் மனைவிதான் நின்றுவிட்டார்.

“ஏனுங்க, உங்க காது எங்கீங்க?”

மச்சான் தன்னுடைய நிஜக் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“இங்கதான இருக்குது.”

“அங்கீங்க! காது குத்தக் கூப்பிட்டுத் தாய்மாமன் காத அறுத்து வெச்சிருக்கறாங்க, பாருங்க!”

கூட்டம் அண்ணாந்து பார்த்தது. ஆளுயர முகம், ஒரு பக்கம் கடுக்கன் மின்னுகிறது, மறு பக்கம் மதில் சுவர். யாரோ ஒரு பெரியவர், “அபசகுனமால்ல இருக்குது” என்றார். மச்சான் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டார். எங்கள் பக்கம் அப்படி அவிழ்த்தால் கிளம்புகிறார் என்று பொருள்.

அண்ணன் ஓடி வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். என்னைக் கண்டுபிடித்தார்.

“மச்சான், இந்த நாய்தானுங்க டிசைனரு. இவன் பண்ணுன வேலைதானுங்க.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என் மனைவி என் முதுகில் விரலால் குத்தினாள். பெல்ட் போட்ட கையை மெதுவாக, ஆரத்தித் தட்டு மாதிரி, எல்லோரும் பார்க்கும்படி தூக்கினேன். அதற்குள் அண்ணனின் மனைவியே கேட்டுவிட்டார்.

“ஏனுங்க, அவுருக்குத்தான் கை வராதுன்னு நீங்க நாள் பூரா கடையில ஒக்காந்து வெட்டுனீங்க? ஊட்டுக்கு வந்து, எங்கையாலயே எல்லாத் தலையும் வெட்டறேன்னு பீத்துனீங்களே?”

பதறிப்போன மனுசன் என்ன செய்வார் என்று சொல்ல முடியாது. பக்கத்துத் தட்டிலிருந்த சாமந்திச் சரத்தை உருவிக்கொண்டு ஓடி, ஸ்டூலில் ஏறி, காது போன இடம் மறைகிற மாதிரி மச்சான் முகத்தைச் சுற்றிப் பேனரில் தொங்கவிட்டார். இறங்கி நின்று பார்த்தார். எல்லோரும் பார்த்தோம். காது மறைந்துவிட்டது, வாஸ்தவம். ஆனால் உயிரோடு இருக்கிற மச்சானின் போட்டோவுக்கு மாலை போட்டாயிற்று.

மச்சான் மனைவி போட்ட சத்தத்தில் புளியமரத்துக் காக்கைகள் எல்லாம் எழுந்தன.

“அய்யோ, எம் புருசன் குத்துக்கல்லாட்டம் நிக்கறாரு! மாலையப் போட்டுப்புட்டானே படுபாவி!”

“என்ன மாப்ள,” என்றார் மச்சான், அமைதியாக. அந்த அமைதிதான் பயமாக இருந்தது. “காதுதான் இல்லைன்னு பாத்தேன். உசுருமா இல்ல?”

அண்ணன் தாவி ஏறிச் சரத்தைப் பிய்த்தார். வலது கையால் பிய்க்க வரவில்லை. இடது கையால் பிய்த்தார். கீழே இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு, நான் இத்தனை நாள் காத்திருந்த வார்த்தையைச் சொன்னார்.

“கை வலிச்சுதுங்க மச்சான்.”

“என்னது?”

“கை... கட்டைவெரலு. மவுஸ் புடிச்சுப் புடிச்சு, காதுகிட்ட வர்றப்ப வளையவே இல்லைங்க. வலி உசுரு போச்சுங்க.”

மச்சான் கூட்டத்தைப் பார்த்தார். “கேட்டுக்கங்கப்பா. எங்கூட ரிக்குல கெடந்தவன். கொழாய் விழுந்து வெரலு போனன்னிக்கிக்கூடத் துணியச் சுத்திக்கிட்டு வேலை பாத்தவன். இப்பப் படத்த வெட்டிக் கை வலிக்குதுங்கறான்.”

“நெசமாலுமே வலிக்குதுங்க மச்சான்!” அண்ணன் கண்ணில் தண்ணீர் நின்றது.

அந்த இடத்தில் ஒரு நல்லவன் பேசாமல் இருந்திருப்பான். நான் முன்னால் போனேன்.

“ஒரு நிமிசமுங்க. நெசமா பொய்யான்னு நான் பாத்துச் சொல்லிப்போடறேன். அண்ணா, கட்டைவெரல உள்ள மடக்குங்க. அப்படித்தான். மேல மூடி முட்டி புடிங்க. இப்ப சுண்டுவெரல் பக்கமாச் சாயுங்க. துளியூண்டு. அக்கட்டால இல்லைங்க, இக்கட்டால.”

சாய்த்தார். அவர் போட்ட அலறலில் மேளக்காரர் கோலைக் கீழே போட்டார். மொட்டைத் தலைகள் இரண்டும் ஒரே நேரத்தில் அழத் தொடங்கின.

“நெசந்தானுங்க மச்சான்” என்றேன். “புதுசா பிள்ளை பெத்தவங்களுக்கு வர்றதுங்க. டாக்டரே சொல்லியிருக்கறாரு.”

மச்சான் என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார், அவர் மீசையைப் பார்த்தார். பேனரில் தன் காது இல்லாத முகத்தைப் பார்த்தார். வயிறு குலுங்கத் தொடங்கியது. சிரிப்பு என்றால் நின்றுகொண்டு சிரிக்க முடியாத சிரிப்பு. சிரித்துச் சிரித்து, பிடிமானம் இல்லாமல் அப்படியே விரித்திருந்த ஜமக்காளத்தில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த மாத்திரத்தில் அண்ணனின் மனைவி பையனைத் தூக்கி அவர் மடியில் வைத்தார், ஆசாரி கம்பியோடு குனிந்தார், மேளக்காரர் கோலைத் தேடி எடுத்தார். பிள்ளை காதில் கம்பி இறங்கும்போதும் தாய்மாமன் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

திங்கட்கிழமை கடையில் அண்ணன் என்னோடு பேசவில்லை. மத்தியானம் போல, சுவரைப் பார்த்துக்கொண்டு, “அந்த ஈரோட்டு டாக்டரு எங்க இருக்கறாரு?” என்று கேட்டார்.

“அவசரப்படாதீங்கண்ணா. மொதல்ல சுளுக்கான்னு பாத்துக்கலாம். வாங்க, வண்டியில ஏறுங்க.”

பாவம், ஏறினார். சங்ககிரி ரோடு வரை காற்று வாங்கிக்கொண்டு போனோம். நான் வெளியில் நின்று, தறி நிற்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன். நின்றது. பற்றுப் போடும்போது உள்ளே எட்டிப் பார்த்து, “இன்னொரு முட்டை சேத்து ஊத்துங்க, இவுரு முதலாளிங்க” என்றேன்.

இப்போது நாங்கள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஈரோட்டுக்குப் போய் வருகிறோம். பிசியோ அம்மா மெழுகை உருக்கி வைத்து எங்கள் கைகளை முக்கச் சொல்வார். கடைக்கு இரண்டு கை வைத்த நாற்காலிகள் வந்துவிட்டன. எனக்கு லீவும் கிடைத்தது. என் கட்டைவிரல் கிட்டத்தட்டத் திரும்பி வந்துவிட்டது. தேங்காய் உடைக்கும் அளவுக்கு வந்ததை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஆனால் போன வாரம் இடது தோளைத் தூக்க முடியவில்லை. பிசியோ அம்மா அழுத்திப் பார்த்துவிட்டு, “இது புதுசா இருக்குதே? கைய ஒசக்க நீட்டியே பிடிச்சு ஏதாச்சும் வேலை செஞ்சீங்களா?” என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அண்ணன் தோளுக்கு மேலே கையை நீட்டி, பொழுதெல்லாம் ஒவ்வொரு முடியாகக் காட்டிக்கொண்டு நின்ற கை. பக்கத்து முக்காலியில் மெழுகில் கையை வைத்துக்கொண்டிருந்த அண்ணனுக்கும் விளங்கிவிட்டது. அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் எனக்குப் பிடிக்கவில்லை.

“கொஞ்ச நாளைக்கு அந்தக் கையத் தொங்கப் போட்டுத்தான் வெச்சிருக்கோணும்” என்றார் பிசியோ அம்மா. “நீட்டி எதையும் காட்டக்கூடாது.”

“அது ஆகாதுங்க” என்றேன். “வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் பேனரு இருக்குது. எனக்கு இன்னும் பெல்ட்டு கழட்டல, பாருங்க. அண்ணன்தான் வெட்டறாரு.”

“கை கொணமானாத்தான வெட்டோணும்?” என்று அண்ணன் மெழுகிலிருந்து கையை வெளியே எடுத்துவிட்டார்.